குளிர் காற்றும் ஊதுபத்தியும்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். வெயிலில் வந்தவர்களாயிற்றே என்று உபசாரமாகக் குளிர்சாதன யந்திரத்தை முடுக்கினார். அடுத்த க்ஷணம், மழையில் நனைந்த ஜமக்காளத்தை மூன்று நாள் மடித்து வைத்துப் பிரித்தாற்போல் ஒரு நாற்றம்! வீட்டு அம்மாள் அவசரமாக இரண்டு ஊதுபத்திகளைக் கொளுத்தி வைத்தார். ஜமக்காளத்துடன் இப்போது மல்லிகையும் சேர்ந்துகொண்டது.

"காஸ் தீர்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னான், ஸார். பணம் கொடுத்து நிரப்பியும் ஆயிற்று. நாற்றம் மட்டும் போகவில்லை" என்றார் நண்பர்.

எப்படிப் போகும்? காஸ் என்பது அகலில் ஊற்றிய எண்ணெய்போல் எரிந்து தீரும் வஸ்து அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குழாயில் எங்கேனும் கசிவு ஏற்பட்டால்தான் குறையும். குறைந்தால் குளிர்ச்சி போகுமே தவிர, ஜமக்காள நாற்றம் வராது.

பின் எங்கிருந்துதான் வருகிறது? 1902-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சுக்கூடத்தில், ஈரக் காற்றினால் காகிதம் உப்பி, படங்களில் ஒரு வர்ணத்தின்மேல் மற்றொரு வர்ணம் பொருந்தாமல் போயிற்று. அந்த ஈரத்தை அடக்குவதற்காக வில்லிஸ் காரியர் என்ற இளம் என்ஜினீயர் வகுத்ததே இந்தச் சாதனம். ஆக, படம் அச்சிடுவதற்காகப் பிறந்த யந்திரம் இது; நம்மைத் தூங்க வைக்க வந்தது பிற்பாடுதான். ஈரத்தைப் பிடிப்பது இதன் பிறவிக் குணம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? அவ்வாறே யந்திரத்தின் உள்ளிருக்கும் குளிர்ந்த தகடுகளும் வியர்க்கின்றன. சென்னை போன்ற கடற்கரைப் பட்டணத்தில் ஒரே இரவில் லிட்டர் கணக்கில் வடியும். அந்த ஈரத்தில் அறைத் தூசி, நம் தோலிலிருந்து உதிரும் பொடி, சமையற்கட்டுப் புகை எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. காலையில் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறோம். இருட்டு, ஈரம், ஆகாரம். பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? ஊதுபத்திப் புகையும் அந்தத் தகடுகளில்தான் போய்ப் படிகிறது. மருந்தென்று நினைத்தது வியாதிக்குச் சோறு போடுகிறது!

நிறுத்துவதற்கு முன் குளிரூட்டலை விட்டு, விசிறியை மட்டும் அரைமணி நேரம் ஓடவிட்டால் தகடுகள் உலர்ந்துவிடும். காசு செலவில்லாத வைத்தியமாகையால் ஒருவரும் செய்வதில்லை. வடிகட்டும் வலையை இரண்டு வாரத்துக்கொரு முறை தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். நண்பர் வீட்டு வலையைக் கழற்றினோம், கம்பளி போர்த்தியிருந்தது. ஆனால் பல மாதம் படிந்த அழுக்கு வலையோடு நிற்பதில்லை. தகடுகளையும், காற்றைத் தள்ளும் உருளையையும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் தொழில் தெரிந்தவரைக் கொண்டு கழுவ வேண்டும். நாமே பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் அலுமினியம் அரித்துப்போகும்.

சாக்கடை நாற்றமானால், வடிகுழாயின் மறுமுனையைப் பாருங்கள். குளியலறைச் சாக்கடைக்குள் நேரே செருகியிருப்பார்கள். வெளியே எடுத்துவிட்டால் சரியாகும். நேற்று வறுத்த மீன் இன்றும் மணத்தால் யந்திரத்தை வைவதில் பயனில்லை. சுவரில் மாட்டும் சாதாரண யந்திரம் அறைக் காற்றையே திருப்பித் தருகிறது. புதுக் காற்றுக்கு ஜன்னலைத்தான் திறக்க வேண்டும். பிண நாற்றமாயின், அநேகமாக உள்ளே ஒரு பல்லி பரலோகம் போயிருக்கும்.

ரப்பர் கருகும் நாற்றம் வந்தாலோ கதை வேறு. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். நண்பரின் பேரக் குழந்தை உறங்குவது அந்த அறையில்தான். ஒயர் கருகும்போது அங்கே மல்லிகை மணம் கமழ்ந்துகொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? நாம் அந்த அம்மாளிடம் சொன்னது இவ்வளவுதான்.

விடைபெறும்போது பார்த்தோம். ஊதுபத்திக் கட்டு பூஜை அறைக்குப் போய்விட்டது. வலை கொல்லைப்புற நிழலில் உலர்ந்துகொண்டிருந்தது.