நிலம் நாள் சொல்லாது, கடல் அவகாசம் தரும்

சுமாத்ராவில் நிலம் அதிர்ந்தது என்று ஒரு செய்தி வந்தால் போதும், முல்லைத்தீவிலிருந்து திருக்கோவில் வரை கரையோரத்துத் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கிவிடும். 'கடல் வருதாம்' என்ற கதை பரவும். அடுத்த பூமியதிர்ச்சிக்குத் திகதி குறிக்கும் காணொளிகளும் கூடவே வரும். ஷெல்லுக்கும் கடலுக்கும் உறவுகளைப் பறிகொடுத்த சனத்தின் பயம் பகிடிக்குரியதல்ல. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்தறிவதும் ஒரு பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன்.

பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. அது நகர்ந்துகொண்டிருக்கும் பல தட்டுகளால் ஆனது. சுமாத்ராவுக்கு மேற்கே கடலடியில் இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டின் கீழே ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் அமிழ்கிறது. உராய்வினால் இரண்டும் நூற்றாண்டுக் கணக்கில் இறுகிக் கிடக்கும். மேலே உள்ள தட்டு வில்லைப்போல வளையும். பிடி விடுகின்ற நாளில் பிளவு வழியே அது துள்ளி எழும். அதுதான் பூமியதிர்ச்சி. அமிழும் தட்டு ஆழத்தில் நீரை வெளிவிட, அங்குள்ள பாறை உருகி மேலே வருகிறது. சுமாத்ராவிலும் ஜாவாவிலும் எரிமலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். இலங்கை தட்டின் விளிம்பிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால் இங்கே எரிமலை இல்லை. இங்கு உணரப்படும் அதிர்வுகளும் பெரும்பாலும் சிறியவை.

2004 டிசம்பர் 26 காலை 7 மணியளவில் அந்தப் பிடி விட்டது. அதிர்வின் அளவு 9.1. ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. கடலடி சில மீற்றர் உயர, அதன்மேல் இருந்த நீர் முழுவதும் சேர்ந்து எழுந்தது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் மீண்டும் அதிர்ந்தது. எங்கள் கரையோர மக்களும் இடம்பெயர்ந்தார்கள். ஆனால் பேரலை வரவில்லை. அன்று பாறைகள் மேலெழவில்லை, பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடல்நீர் பெரிதாகத் தள்ளப்படவில்லை. 2018 டிசம்பர் 22 அன்று இதற்கு நேர்மாறாக நடந்தது. இந்தோனேசியாவின் அனாக் கிரகட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்தது. பெரிய அதிர்வு இல்லாததால் எச்சரிக்கையும் இல்லை. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எனவே அதிர்வின் எண்ணை மட்டும் வைத்து அலையைக் கணிக்க முடியாது.

பூமியதிர்ச்சி எந்த நாளில் வரும் என்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது. நாள் குறிப்பவரை நம்பவேண்டாம். ஆனால் அதிர்ந்த பிறகு அலைக்குப் பயண நேரம் உண்டு. 2004இல் அது எங்கள் கிழக்குக் கரைக்கு வந்துசேரச் சுமார் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணித்தியாலத்தில் அதிர்வை அறிவித்தும் இருந்தது. இந்து சமுத்திரக் கரைகளுக்குத் தகவல் சொல்ல ஒரு ஏற்பாடு மட்டும் இருக்கவில்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். நிலம் அசைந்தது இயற்கை. அந்த இரண்டு மணித்தியாலம் வீணானது இயற்கை அல்ல.

அதிர்வின் மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமலூ தீவுக்குப் பத்து நிமிடமளவே கிடைத்தது. ஆனாலும் ஏறக்குறைய 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்தான் என்று பதிவாகியுள்ளது. 1907இல் வந்த அலையின் கதையை அவர்கள் தாலாட்டிலும் பாட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். நிலம் கடுமையாக அதிர்ந்து, கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம்.

எங்களுக்கு அந்தப் பாடம் அரசியலில் சிக்கியது. அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் கைச்சாத்திட்ட சுனாமிப் பொதுக்கட்டமைப்பின் முக்கிய பகுதிகளை அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. இன்று அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இந்து சமுத்திர எச்சரிக்கை முறைமையும் உள்ளன. இனி நாங்கள் கேட்கவேண்டியவை சில. நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால் எங்கள் ஊருக்கு அது தமிழில் வருமா? கோபுரத்து ஒலிபெருக்கியைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? மீள்குடியேறிய கிராமத்திலிருந்து மேட்டுக்குப் போகும் வீதி எது? போரில் கால் இழந்தவரை யார் தூக்கிச் செல்வது?

எங்கள் கரைக்கு அந்த அதிர்வு உணரப்படாமலே போகலாம். ஆகவே கடல் திடீரென உள்வாங்கினால் அறிவித்தலுக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் அலை போனதும் திரும்பி வரவும் வேண்டாம், அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இதை நாங்கள்தான் சொல்லவேண்டும். டிசம்பரில் விளக்கேற்றும் இடத்திலேயே அதைச் சொல்லலாம்.