கொடுவாவுக்கு மேல்வரம்பு வேண்டும்

ஒருமுறையாவது சினை விடாத மீனைப் பிடிக்கக் கூடாது என்பதுதான் குறைந்தபட்ச அளவு விதியின் சாரம். மத்திக்கும் காணாங்கெளுத்திக்கும் அது போதும். கொடுவாவுக்கு அது பாதி விதிதான்.

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். வட ஆஸ்திரேலியாவில் 1980களில் நடந்த ஆய்வுகளின்படி, அது மூன்று முதல் ஐந்து வயதில் ஆணாக முதிர்கிறது. ஆறு முதல் எட்டு வயதில், ஏறத்தாழ 85 முதல் 100 செ.மீ. நீளம் எட்டும்போது, பெரும்பாலான மீன்கள் பெண்ணாகின்றன. கோடிக்கணக்கில் முட்டையிடுபவை இந்தப் பெரிய மீன்களே. சிறியவற்றை மட்டும் காத்துவிட்டுப் பெரியவற்றை வரம்பில்லாமல் பிடித்தால் ஆண்கள் மிஞ்சும், முட்டை குறையும். இதை உணர்ந்துதான் குயின்ஸ்லாந்து மாநிலம் கீழ்வரம்பாக 58 செ.மீ.யும் மேல்வரம்பாக 120 செ.மீ.யும் வைத்திருக்கிறது.

அந்த எண்களை அப்படியே நம் கரைக்குக் கொண்டுவர முடியாது. கார்ப்பென்டேரியா வளைகுடாவின் ஒரு பகுதியிலேயே, மிகச் சிறிய உடலோடு முதிர்ந்து பாலினம் மாறும் கூட்டங்கள் இருக்கின்றன. ஆசியக் கரைகளில், ஆணாக இராமலே பெண்ணாக வளர்ந்த மீன்களும் பதிவாகியுள்ளன. ஆகவே பழவேற்காட்டுக்கும் பிச்சாவரத்துக்கும் உரிய அளவை இங்கே அளந்துதான் கண்டறிய வேண்டும்.

அளப்பதில்தான் நம் துறையின் பெரிய குறை இருக்கிறது. பெரிய கொடுவா விலை அதிகம். அதை முழுதாக வாங்கி அறுத்துப் பார்க்க ஆய்வு மாணவரின் நிதி இடம் கொடுப்பதில்லை. கையில் கிடைக்கும் சிறிய மீன்களை வைத்து ஆண்–பெண் விகிதம் கணக்கிட்டு, ஒன்றுக்கு ஒன்று என்ற எதிர்பார்ப்போடு ஒப்பிட்டு, 'ஆண்களே மிகுதி' என்று எழுதிவிடுகிறோம். பாலினம் மாறும் மீனில், நீளவாரியாகப் பிரிக்காத அந்த விகிதத்துக்குப் பொருளே இல்லை. இதற்கு வழி இருக்கிறது. சந்தையில் மீன் வெட்டித் தரும் பெண்களிடம் முன்கூட்டியே பேசி, வெட்டுவதற்கு முன் நீளத்தை அளந்துகொண்டு, குடலோடு ஒதுக்கப்படும் இனப்பெருக்க உறுப்பைக் கேட்டு வாங்கலாம். அவர்களுக்கு அதற்கான கூலியை ஆய்வு நிதியிலேயே ஒதுக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் உள்ள 61 நாள் தடையைக் கொடுவாவுக்கான பாதுகாப்பாகக் கணக்கில் சேர்ப்பதும் சரியல்ல. தடை கடலில் ஓடும் விசைப்படகுகளுக்கானது. கொடுவாவோ கழிமுகத்திலும் காயலிலும் செவுள் வலைக்கும் வீச்சு வலைக்கும் தூண்டிலுக்கும் சிக்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி உவர்ப்பு மிகுந்த முகத்துவாரப் பகுதியில் முட்டையிடும் இந்த மீனுக்கு, சினைப் பருவத்தில் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் முகத்துவாரத்தில் வலையைத் தவிர்ப்பது நீண்ட தடையைவிடப் பொருத்தமாகும். நாட்களைக் கழிமுக மீனவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இழப்பீடும் தர வேண்டும். மணல் தூர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் குஞ்சுகள் காயலுக்குள் நுழையவே வழியிருக்காது என்பதால், தூர்வாருவதும் மீன்வள மேலாண்மைதான்.

குஞ்சுப் பொரிப்பகங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்தது மதிப்புமிக்க சாதனை. குளங்களுக்கு அதனால் குஞ்சு கிடைக்கிறது. ஆனால் பண்ணைக் குளத்துக்குக் குஞ்சு கிடைப்பதால் கடலில் குறைந்த தாய்மீன்கள் திரும்பிவிடுவதில்லை.

இனி இவ்விதழுக்குக் கொடுவா பற்றிக் கட்டுரை அனுப்புவோர், ஒவ்வொரு நீளப் பிரிவிலும் எத்தனை மீன்கள், அவற்றில் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை மாறும் நிலையில் என்பதைத் திசு ஆய்வின் துணையோடு தர வேண்டும். பிடித்த இடத்தையும் பிறைநாளையும் சேர்த்து எழுதுங்கள். மேல்வரம்பைக் கேட்டு மீன்வளத் துறையிடம் செல்ல நமக்கு அந்த அட்டவணை உடனே தேவை.