படகுத்துறையில்கூடக் கூடக் கூடாது

“போராட்டம் நடத்துங்கள், யார் வேண்டாம் என்றது? இங்கே வேண்டாம், அவ்வளவுதான்.” மலேசியாவில் பேரணி என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் காதில் விழும் பதில் இது. ஐந்து நாள் முன்னறிவிப்பு தராத ஏற்பாட்டாளருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க வழிசெய்த, அமைதிப் பேரணிச் சட்டத்தின் 9(5) பிரிவு செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலை 1 அன்று தீர்ப்பளித்தது. இட உரிமையாளரின் ஒப்புதலைக் கேட்கும் 11ஆவது பிரிவை நிறுத்திவைப்பதாகப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அதே ஆண்டு பிப்ரவரியில் அறிவித்திருந்தார். இனி என்ன தடை என்று நண்பர்கள் குதூகலிக்கிறார்கள். சட்டத்தைக் கடைசிவரை படித்திருந்தால் குதூகலித்திருக்க மாட்டார்கள்.

2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தோடு ஓர் அட்டவணை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அணைக்கட்டு, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், பெட்ரோல் நிலையம், வழிபாட்டுத் தலம், பள்ளி, பாலர் பள்ளி, துறைமுகம், பாலம், படகுத்துறை என்று நீளும் பட்டியல். இவற்றிலும் கூடக் கூடாது; இவற்றின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடக் கூடாது.

பினாங்கில் எங்கள் பாலிக் புலாவ் பட்டணத்தின் வரைபடத்தை மேசையில் விரித்து, பேரனின் கவராயத்தால் இந்த 50 மீட்டர் வட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். பள்ளிவாசலுக்கு ஒன்று, மாதா கோயிலுக்கு ஒன்று, சீனக் கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடங்களுக்கு, மருத்துவமனைக்கு, பெட்ரோல் நிலையங்களுக்கு. வட்டத்தின்மேல் வட்டம் ஏறி, தாள் மீன் செதில் மாதிரி ஆகிவிட்டது. தாராளமாக மிஞ்சியவை நெல்வயலும் டுரியான் தோட்டமும். அங்கே யாரிடம் குறையைச் சொல்வது, குரங்குகளிடமா?

பட்டியலில் என்னை உறுத்துவது ‘படகுத்துறை’ என்ற ஒரே ஒரு சொல். பாலிக் புலாவைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு மாவட்டத்தில்தான் தெலுக் கும்பார், சுங்கை பத்து, கெர்தாக் சங்குல் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இறால் பிடிக்கும் கடலில் 4,500 ஏக்கருக்கு மூன்று தீவுகளை எழுப்ப மாநில அரசு திட்டம் போட்டது. 2023இல் அது 2,300 ஏக்கர் கொண்ட ஒரே தீவாகச் சுருங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தூர்க்கும் வேலையும் தொடங்கியது. சிலிக்கான் தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விடியலில் படகு கரைசேர்ந்ததும் துறையில் நாலு பேர் குந்தியிருந்து வலையை உதறி இறாலைத் தரம் பிரிக்கிறார்கள். பாடு குறைந்ததைப் பற்றியும் டீசலுக்கு ஆன செலவைப் பற்றியும் பேசுகிறார்கள். அது பிழைப்பு. அதே நாலு பேர் நாற்பது பேராகி, “எங்கள் கடலை மூடாதே” என்று ஓர் அட்டையை உயர்த்தினால் அது குற்றம். இழப்பு நேர்ந்த இடத்திலேயே இழப்பைச் சொல்லக் கூடாது என்று சட்டம் எழுதிய மூளையை என்னென்பது!

குறையைச் சொல்ல எங்கே போனார்கள்? 2019 நவம்பரில் பினாங்கு மீனவர்கள் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தின் வாசலுக்கே போய் நின்றார்கள். இங்கிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். 50 மீட்டரை 350 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் ஏழாயிரம் மடங்கு. ஏழைக்குப் பேச்சுரிமையின் விலை இந்த ஏழாயிரம்தான் என்பேன்.

போராடுகிறவர்களுக்கு இடத்தின் அருமை தெரியும். 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியரின் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராப் அமைப்பு தோட்டப்புறத்தில் கூடவில்லை; ஜாலான் அம்பாங்கில், பிரிட்டிஷ் தூதரகத்தைக் குறிவைத்து, இரட்டைக் கோபுரத்தின் நிழலில் கூடியது. தோட்டத்தில் பல தலைமுறையாகத் தெரியாத வறுமை ஒரே காலையில் உலகத்துக்குத் தெரிந்தது. 1974இல் ரப்பர் விலை சரிந்து பாலிங் விவசாயிகள் கொதித்தபோது, மாணவர்கள் கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அந்தக் கிளர்ச்சிக்காக ஏறக்குறைய இரண்டாண்டு சிறையிருந்த இளைஞர்தான் இன்றைய பிரதமர். அந்தத் திடல்தான் இன்றைய டத்தாரான் மெர்டேக்கா. 2025 ஜூலை 26 அன்று, விலைவாசியையும் சொல்லி அவரையே பதவி விலகக் கேட்டவர்கள் கூடியதும் அங்கேதான். திடல் மாறவில்லை, நிற்கும் பக்கம்தான் மாறியிருக்கிறது.

ஊர் நடுவே கூடினால் சாலை நெரிசல் என்பார்கள், கடைக்காரருக்கு நட்டம் என்பார்கள். தைப்பூச ரதத்துக்குச் சாலையை விட்டுக்கொடுக்கிற பினாங்குக்காரனிடம் இந்தக் கதை வேண்டாம். முகநூலில் எழுதலாமே என்பவர்களுக்கோ பதில் சொல்லவே நேரமில்லை.

11ஆவது பிரிவை நிறுத்திவைத்த அதே கையோடு அரசு அட்டவணையையும் திறக்கட்டும். மருத்துவமனையும் தீயணைப்பு நிலையமும் இருந்துவிட்டுப் போகட்டும். முதலில் ‘படகுத்துறை’ என்ற சொல்லை அடியுங்கள். அந்த ஒரு சொல் சட்டத்தில் ஏறாமல் இருந்திருந்தால், கடலோரத் துறை ஒவ்வொன்றிலும் நாள்தோறும் ஒரு கூட்டம் நடந்திருக்கலாம். பினாங்கின் தெற்குக் கடலில் இன்று ஒரு பிடி மணல்கூட விழாமல் இருந்திருக்கலாம்.