ஈச்சிலம்பற்றில் ஒரு கேள்வி: விண்கல் வந்தால் எங்கே ஓடுவது?

2025 பெப்ரவரி இறுதியில் ஈச்சிலம்பற்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டு முற்றத்தில் இருந்த அம்மா, வட்ஸ்அப்பில் வந்த காணொளியைக் காட்டினார். "தம்பி, இந்தக் கல் எங்கட பக்கம் விழுமாமே? 2006இல செல்லடிக்கு வாகரைக்கு ஓடினனாங்கள். இதுக்கு எங்க ஓடுறது?"

காணொளி 2024 வைஆர்4 என்ற சிறுகோளைப் பற்றியது. 2032இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு பெப்ரவரி 18இல் 3.1 சதவீதமாகக் கணிக்கப்பட்டது உண்மை. விழக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருந்தது. ஆனால் ஒரே வாரத்தில், புதிய அளவீடுகள் சேர்ந்ததும், அந்த வாய்ப்பு ஏறத்தாழ இல்லாமற்போனது. அம்மா என்னிடம் கேட்டபோது ஆபத்து நீங்கியிருந்தது. அந்தச் செய்திதான் ஊருக்கு வந்து சேரவில்லை.

இத்தகைய கற்களின் பாதையை நீண்டகாலத்துக்குக் கணிக்க, அவை சுழலும் விதமும் தெரிய வேண்டும். வெயிலில் சூடேறும் கல் சுழன்றபடியே வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த மெல்லிய உந்துதல் பாதையைச் சற்றே நகர்த்தும். கல்லின் வடிவம் ஒழுங்கற்றதாக இருந்தால் சுழலும் வேகத்தையும் மாற்றும். இதற்கு 'யோர்ப்' விளைவு என்று பெயர்.

சுமார் 100 மீற்றர் அகலமான ஒரு சிறுகோள் 12 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் ஒளி கூடிக் குறைவதை 2001 முதல் 2005 வரை பதிவுசெய்தனர். ஒரு சுற்றுக்கான நேரம் ஆண்டுக்கு ஒரு மில்லிசெக்கன் அளவில் குறைவது 2007இல் உறுதியானது. ஒரு சுற்றில் அந்த வித்தியாசம் பிடிபடாது. நான்கு ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளில் அது சேர்ந்து, கல் நிமிடக்கணக்கில் முந்திவிட்டதைக் காட்டியது.

அடுத்தது 2029 ஏப்ரல் 13. அபோபிஸ் என்ற சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீற்றர் உயரத்தில் கடக்கும். மிக அருகில் வரும்போது எங்களுக்குச் சித்திரைப் புத்தாண்டின் அதிகாலை. குறைந்தது 100 ஆண்டுகளுக்கு அது மோதாது என்று 2021 ராடார் அளவீடுகளே காட்டிவிட்டன. பூமியின் ஈர்ப்பு அதன் சுழற்சியை எவ்வளவு மாற்றுகிறது என்பதைத்தான் அன்று அளக்கப்போகிறார்கள்.

ஆனாலும் வதந்தி வரும். கிபிர் விமானத்துக்கும் சுனாமிக்கும் ஓடிய சனம் அதை வெறும் வதந்தியாகக் கேட்காது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவே பார்க்கும். ஆகவே ஊடகத்தில் இருக்கும் நாங்கள் இந்தக் கணக்கை இப்போதே, எங்கள் தமிழில், ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும்.