மலை ஏறும் முன்னே ஒரு செம்பு வெள்ளம்



சித்தாளு வேலைக்குப் போகிறவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு. வீட்டுக்காரிக்கு அது கிடையாது. அப்படி இருக்க, எங்கள் புதுக்கடைத் தெருப் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மாசம் சிதறால் மலைக்குப் போக வேன் பிடித்தோம். "இந்த வயசுல மலையேத்தம் எதுக்கு?" என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம், "கால் இருக்கும்போதே ஏறிடணும்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பாதி மலை கூட ஏறவில்லை. என் மைனிக்குத் தலை சுற்றி, கண் இருட்டி, அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் வெள்ளம் தெளித்து, முந்தானையால் வீசி, "காலையில என்ன குடிச்சே மைனி?" என்று கேட்டேன். "ஒரு சாயா மட்டும்தான். வழியில ஒண்ணுக்கு முட்டினா எங்க போக?" என்றாள். சுற்றி நின்ற எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பதினோரு பேரும் அதையேதான் செய்திருந்தோம். குடம் நிறைய வெள்ளம் வேனில் இருக்க, ஒருத்தியும் குடிக்கவில்லை!

கோயிலைப் பாராமலே இறங்கினோம். மூன்றாம் நாள் மைனிக்குக் குளிர் காய்ச்சல், நீர் போகும்போது எரிச்சல். சிறுநீர்ப் பாதையில் நோய்க் கிருமி தொற்றியிருக்கிறது என்றார் டாக்டர். வெள்ளம் குடிக்காமலும், வந்த நீரை அடக்கியும் வைத்தால் பெண்களுக்கு இது எளிதில் வருமாம். கல்யாண வீடு, பஸ் பயணம், கோயில் கொடை என்று எங்கே போனாலும் நாம் செய்வது இதுதானே?

போன தை மாசம் மறுபடியும் போனோம். இந்தத் தடவை ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து திட்டம் போட்டோம். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, காலம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. மழையில் பாறை வழுக்கும். சித்திரை, வைகாசியில் பாறை சுடும். மார்கழிக் கடைசியும் தை, மாசியும் நல்லது. மலைக்கோயில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று முன்னாலேயே கேட்டு வைத்து, வெயில் ஏறுமுன் ஏறிவிடுங்கள்.

இரண்டாவது, ஒதுங்க இடம். இதைக் கேட்க வெட்கப்படவே கூடாது. வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். மார்த்தாண்டத்திலிருந்து மலை சுமார் 7 கிலோமீட்டர்தான். மார்த்தாண்டத்தில் கழிப்பறை உள்ள ஓட்டலாகப் பார்த்துக் காப்பி குடிக்க இறங்கினோம். மலையடிவாரத்தில் என்ன வசதி என்று கேட்டு வர ஒருத்தியைப் பொறுப்பாக்கினோம். மாதவிலக்கு நாளானால் மாற்றுத் துணியோ நாப்கினோ, பழைய செய்தித்தாள், ஒரு பை கைவசம் இருக்கட்டும்.

மூன்றாவது, வெள்ளம். ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். மொத்தமாகக் குடிக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை நாலு மடக்கு. உப்புப் போட்ட மோரும் நல்லது. நீர் கடும் மஞ்சளாகப் போனால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். இருதயம், சிறுநீரகக் கோளாறுக்காக அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் துடைத்து, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், அவித்த மரச்சீனி, மட்டிப்பழம். சர்க்கரை நோய்க்காரர்கள் பையில் பிஸ்கட்டும் மிட்டாயும் வைத்திருக்க வேண்டும். பழகிய செருப்பே போடுங்கள். புதுச் செருப்பு கடிக்கும். மூட்டு வலிக்காரர்களுக்கு ஒரு கம்பு. ஏறும்போதை விட இறங்கும்போதுதான் முட்டுக்குப் பாரம் அதிகம்.

இப்படிப் போய் மேலே சேர்ந்தபோது கண்டது என்ன தெரியுமா? ஒரு பெரும் பாறை குடைபோல் கவிந்து நிற்கிறது. அதன் அடியில் ஆயிரம் வருஷத்துக்கு முன் சமணத் துறவிகள் தங்கித் தவமிருந்தார்கள். பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். பிற்காலத்தில், 13-ம் நூற்றாண்டு வாக்கில், இது பகவதி கோயிலானது. 9-ம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-வது ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கிக் குரத்திகள் என்ற துறவி இந்த மலைத் தெய்வத்துக்குப் பொன் அணிகலன் கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண் குரு! "மலையேத்தம் எதுக்கு" என்று அவரிடம் யாரும் கேட்டிருப்பார்களோ?

அங்கே அம்பிகை என்னும் இயக்கியும் இருக்கிறாள், சிங்கத்தோடும் இரண்டு குழந்தைகளோடும். சமணர் கதையில் அவள் ஒரு குடும்பப் பெண். திவசத்துக்குச் சமைத்த சோற்றை முதலில் ஒரு முனிவருக்குக் கொடுத்தாள் என்று புருஷன் விரட்டிவிட, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலைப் பக்கம் போகிறாள். பிள்ளைகள் தாகத்தால் அழ, வற்றிய குளத்தில் தண்ணீர் நிறைந்ததாம். பசிக்கு மாமரம் பழுத்ததாம். அந்தச் சிலை முன்னே நின்று மைனி தன் குப்பியைத் திறந்து மடக்கு மடக்காகக் குடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அமெரிக்காவில் கொலராடோவில் மேசா வெர்டே என்ற இடத்தில், மலைப் பாறைக் கவிவுகளுக்குள்ளேயே ஊர் கட்டி, 1200-களில் ஜனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள். பாறைக்கு அடியில் கசியும் ஊற்றுதான் அவர்களுக்குக் குடிநீர். எந்த நாடானாலும் மலையில் தங்குகிறவர்கள் முதலில் தேடியது வெள்ளத்தைத்தான். நாம் மட்டும் கையிலிருப்பதைக் குடிக்காமல் சுமக்கிறோம்!

அடுத்து குலசேகரம் பக்கம் திருநந்திக்கரைக் குகைக் கோயிலுக்குப் போவதாக இருக்கிறோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரரே, "குப்பியெல்லாம் நான் நிரப்பித் தாறேன்" என்கிறார். நீங்களும் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மலைக்குப் போய் வாருங்களேன். கிளம்பும் முன்னே ஒரு செம்பு வெள்ளம் குடித்துவிட்டு!