துரைசாமி என்று எழுதினால் பாலம் நிற்காதா?

திருப்பூரிலிருந்து கோவைக்கு பஸ் ஏறினால் அவிநாசி சாலையில் பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலம். 2025 அக்டோபரில் 'ஜி.டி. நாயுடு மேம்பாலம்' என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். தெருக்களிலும் ஊர்களிலும் உள்ள சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லும் அரசாணை வந்ததும் அதே மாதம்தான்!

கேட்டால், 'நாயுடுவை எடுத்தால் வெறும் ஜி.டி.தானே மிஞ்சும்' என்கிறார்கள். ஏன், பெற்றவர்கள் வைத்த துரைசாமி எங்கே போனது? கலங்கல் கிராமத்தில் பிறந்து, தானே கற்று மோட்டார் செய்த மனிதர். அவரோடு நமக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் அந்தப் பட்டத்தோடுதான்.

1925இல் சேரன்மாதேவி குருகுலத்தின் தனிப்பந்தியை எதிர்த்த வரதராஜுலுவும் நாயுடு. சரோஜினி வங்காளப் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்து, 1898இல் சாதி மீறி மணந்தவர். மீறிய பிறகும் கணவரின் சாதிப் பட்டம்தான் பெயரில் ஏறியது. மூவரையும் சேர்க்கும் அந்த ஒரு சொல், மூவரும் செய்த எதையும் சொல்வதில்லை.

பட்டத்தைத் துறக்கச் சொல்லி 1929லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தலைமை வகித்த சௌந்தரபாண்டியன் பெயரில்தான் சென்னையின் பாண்டி பஜார் இருக்கிறது. 'நாடார்' இல்லாததால் அங்கே யாரும் வழி தெரியாமல் நிற்கவில்லை.

1997ஐ இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. கட்டபொம்மனின் தளபதி, ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். பெயரில் சாதிப் பட்டம் ஏதுமில்லை. ஆனாலும் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம், சாவுகள். அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்கள் பெயரை மொத்தமாக எடுத்துவிட்டது. அன்று ஒரு கழகத்துக்கும் விலக்கு இல்லை. இன்று பாலத்துக்கு மட்டும் எப்படி?

நம் மாவட்டத்துக்கே வருவோம். 2018இல் அவிநாசி வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். ஊரின் பெயர் திருமலைக்கவுண்டன்பாளையம். பெயர்ப்பலகையிலேயே ஊர் யாருடையது என்று எழுதியிருக்கிறது.

பனியன் கம்பெனியில் நம் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லையென்றால் விடுகிறார்களா? 'எந்த ஊரு, ஊருக்குள்ளயா, காலனியா?' என்று கேட்டுத்தான் ஓவர்லாக் மிஷினைக் காட்டுகிறார்கள்.

அரசாணையை அவிநாசி சாலையிலிருந்தே தொடங்கட்டும். பலகையில் 'ஜி. துரைசாமி மேம்பாலம்' என்று எழுதட்டும். சுந்தரலிங்கத்தின் பெயரையும் பஸ்ஸில் திரும்ப எழுதட்டும். யார் ஏறாமல் நிற்கிறார்கள் என்று பார்ப்போம்.