சர்க்கரைப் பூ விற்றால் மட்டும் போதுமா?



கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிறந்தநாள் என்றால் கேக்கின் மேல் வைக்கும் சர்க்கரைப் பூக்களுக்கு நம் கடைகளில் நல்ல கிராக்கி. ஆனால் "இதை எப்படி ஒட்டுவது?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு நம்மில் எத்தனை பேர் பதில் சொல்கிறோம்? "அது பேக்கரிக்காரர் வேலை" என்று ஒதுங்குவது சரியல்ல. விவரம் அறியாதவர்கள் குண்டூசியையும் பல்குச்சியையும் செருகிவிடுகிறார்கள். அது ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கினால் என்ன ஆவது?

முறை எளிதுதான். ஐசிங் சர்க்கரையை முட்டை வெள்ளைக்கருவில் கெட்டியாகக் குழைத்து, பூவின் அடியில் தடவி வைத்தால், காய்ந்ததும் இறுகப் பிடித்துக்கொள்ளும். பச்சை முட்டைக்குப் பதில் கிருமி நீக்கிய வெள்ளைக்கருப் பொடியைத் தண்ணீரில் கரைத்துச் சேர்ப்பது பாதுகாப்பு. முட்டை சேர்க்காதவர்கள் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்தாலும் சிறிய பூக்களுக்குப் போதும். வெண்ணெய் கிரீம் கேக்கில், கிரீம் இறுகுமுன் பதித்துவிட வேண்டும். ஃபிரெஷ் கிரீமின் ஈரத்தில் பூ கரையும் என்பதால் கேக் வெட்டும் நேரத்தில் வைப்பதே நல்லது. பூ வைத்த கேக்கைப் பிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்தால் நீர் கோத்துச் சாயம் கசியும்.

இவற்றைத் துண்டுச் சீட்டில் அச்சிட்டுப் பொட்டலத்தோடு கொடுக்கப் பெரிய செலவாகாது. கம்பிக் காம்புள்ள பூக்களை, "உண்ணக் கூடாது, வெட்டுமுன் எடுத்துவிடவும்" என்று எழுதி ஒட்டியே விற்போம். சரக்கோடு விவரமும் சொல்லும் கடைக்குத்தான் வாடிக்கையாளர் அடுத்த பண்டிகைக்கும் வருவார்.